கணினிக் கேள்வி–பதில்: 64 ஜிபியுவில் எது இழுக்கிறது?

கேள்வி: எட்டு சர்வர்களில் 64 ஜிபியு வைத்து மாடல் பயிற்சி நடத்துகிறோம். ஒரு ஸ்டெப்புக்கு (மாடலை ஒருமுறை திருத்தும் சுற்றுக்கு) முன்பு 2 நொடி ஆனது, இப்போது 2.3 நொடி. எல்லா ஜிபியுவும் 100 சதவீதப் பயன்பாடு காட்டுகிறது. குற்றவாளியை எப்படிப் பிடிப்பது?

பதில்: அந்த 100 சதவீதத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு ஜிபியுவும் கணக்கிட்ட கிரேடியன்ட்டுகளை (மாடலை எப்படித் திருத்துவது என்று சொல்லும் எண்களை) எல்லாம் சேர்ந்து கூட்டும் ஆல்-ரெட்யூஸ் கட்டத்தில் சும்மா காத்து நிற்கும் ஜிபியுவிலும் என்சிசிஎல் கெர்னல், அதாவது ஜிபியுக்களிடையே தரவு பரிமாறும் என்விடியா நிரல், ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டருக்கு அதுவும் வேலைதான்.

எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கும் புரொஃபைலரில், ஒவ்வொரு ரேங்கும் (ஒவ்வொரு ஜிபியுவிலும் ஓடும் பயிற்சிப் புராசஸும்) ஆல்-ரெட்யூஸில் செலவழித்த நேரத்தை எடுங்கள். அதிக நேரம் காட்டுவதைத்தான் பலரும் சந்தேகிக்கிறார்கள். அது பாவம், காத்திருந்தது. கடைசியாக வந்து சேர்ந்த ஜிபியுவுக்குக் காத்திருப்பே கிடையாது. ஆகவே, மிகக் குறைந்த நேரம் காட்டுவதே உங்கள் ஆள்.

அடுத்து, அந்த ஆள் ஸ்டெப்புக்கு ஸ்டெப் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் வன்பொருளை விட்டுவிடுங்கள். வாக்கிய நீளம் சமமில்லாத பேட்ச்சோ (ஒரு ஸ்டெப்புக்கான தரவுத் தொகுதியோ), பைத்தானின் குப்பை சேகரிப்போ (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலையோ) காரணமாக இருக்கும். தானியங்கிச் சேகரிப்பை நிறுத்தி, சில நூறு ஸ்டெப்புக்கு ஒருமுறை எல்லா ரேங்கிலும் ஒரே நேரத்தில் நீங்களே ஓட்டுங்கள்.

மாறாமல் ஒரே ஜிபியு என்றால், நெட்வொர்க் இல்லாமல் அதில் தனியாக 8192×8192 அணிப் பெருக்கலைப் பத்து நிமிடம் ஓட்டி, பக்கத்து ஜிபியுவோடு ஒப்பிடுங்கள். அரை நிமிடம் போதாது, சூடேறிய பிறகுதான் வேகம் விழும். விழுந்தால் என்விடியா-எஸ்எம்ஐ என்ற ஜிபியு கண்காணிப்புக் கருவியில் கிளாக் (சிப்பின் வேகம்) குறைந்த காரணம் பதிவாகியிருக்கும்: வெப்பம் என்றால் விசிறியையும் காற்றோட்டத்தையும் பாருங்கள்; பவர் பிரேக் என்றால் மின்வழங்கியைப் பாருங்கள். வேகம் விழாவிட்டால், ஜிபியுவைச் சர்வரோடு இணைக்கும் பிசிஐஇ இணைப்பு 16 லேனிலிருந்து (தரவுப் பாதையிலிருந்து) 8 ஆகச் சுருங்கியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் சர்வர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து என்சிசிஎல் டெஸ்ட் ஓட்டுங்கள். கெட்ட கேபிள் அதில் சிக்கும்.

கேள்வி: மெதுவானதை விட்டுவிட்டு மற்றவற்றின் கிரேடியன்ட்டோடு நகர முடியாதா?

பதில்: 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள்: உபரியாகச் சில மெஷின்களை ஓடவிட்டு, முதலில் வந்தவற்றை மட்டும் கூட்டினார்கள். ஒவ்வொரு மெஷினிலும் முழு மாடலும் இருந்ததால் அது நடந்தது. இன்றைய பெரிய மாடல்கள் துண்டுதுண்டாகப் பல ஜிபியுக்களில் கிடக்கின்றன. ஒன்றை விட்டால் மாடலில் ஒரு துண்டே போய்விடும். அங்கே செக்பாயின்ட் எடுத்து (அதுவரையான பயிற்சியைச் சேமித்து), அந்தச் சர்வரைக் கழற்றி, மாற்றுச் சர்வரோடு மீண்டும் தொடங்குவதே வழி. அந்த மாற்றுக்காக எட்டுச் சர்வருக்கு ஒன்றை உபரியாக வைப்பது செலவுதான். பெரிய கிளஸ்டரில் அந்த விகிதம் வெகுவாகக் குறையும்.