போருக்குப் பின் வீரன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் படைவீரன் நாவல்வரிசையின் மூன்றாம் பாகத்தை நேற்று முடித்தேன். போர் நின்றது என்ற செய்தி வந்ததும் அவன் தன் துப்பாக்கிக்கு எண்ணெயிட்டுத் துடைப்பதோடு கதை நின்றுவிடுகிறது. இத்தனை களங்களில் உயிர்தப்பியவன் அமைதிக்காலத்தில் என்ன ஆவான்? நான்காம் பாகம் உண்டா?

க.

அன்புள்ள க.,

நான்காம் பாகம் இல்லை. இன்னொரு போரை மூட்டி அவனை அதில் இறக்கிவிடுவது எளிது; இரண்டாம் பாகத்தில் நானே அதைச் செய்தவன்தான். மணம் முடித்து, உழவனாக்கி, விடைகொடுப்பதும் எளிதே.

போருக்குப் பின் வீரனுக்கு என்ன நேரும் என்பதை மகாபாரதத்தின் மௌசல பருவம் சற்றும் இரக்கமின்றிச் சொல்கிறது. குருக்ஷேத்திரப் போர் முடிந்து 36 ஆண்டுகளுக்குப் பின், கிருஷ்ணனும் மறைந்துவிட்ட நிலையில், துவாரகையின் பெண்களையும் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துவரும் அர்ஜுனனைத் தடியேந்திய வழிப்பறிக் கூட்டம் ஒன்று மறிக்கிறது. காண்டீபத்தில் நாணேற்றவே அவன் திணறுகிறான். தெய்வ அஸ்திரங்கள் நினைவில் எழவில்லை. வற்றாதவை எனப்பட்ட தூணிகளும் ஒழிந்துபோக, வில்லின் முனையாலேயே அடித்துப் பார்க்கிறான். பெண்கள் அவன் கண்ணெதிரிலேயே கவர்ந்துசெல்லப்படுகிறார்கள். என்னை இதைவிடவும் அலைக்கழிப்பது அடுத்த பருவத்தில் வரும் ஒரு சிறு குறிப்பு. அனைத்தையும் துறந்து மரவுரி தரித்துப் புறப்பட்ட பிறகும், அரும்பொருள்மீதுள்ள ஆசையால், அவன் காண்டீபத்தைக் கைவிட்டிருக்கவில்லை. அக்னி வழிமறித்துக் கேட்ட பிறகே அதை நீரில் எறிகிறான்.

கிரேக்கக் கவி ஹோமர் தன் ஒடிசி காவியத்தில், டிராய் போர் முடிந்து வீடு திரும்பும் வீரன் ஒடிசியஸுக்கு வகுத்த வழி கனிவானது. ஒரு துடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு, கடலையே அறியாத மக்களின் நாட்டுக்குள் அவன் நடக்கவேண்டும். எதிர்ப்படும் ஒருவன் அதைத் தானியம் தூற்றும் கருவி என்று எண்ணும் இடத்தில் அதை நட்டு, கடல்தெய்வத்துக்குப் பலியிட்டு, வீடு திரும்பலாம். ஆனால் அந்தப் பயணம் ஒரு முன்னறிவிப்பாகச் சொல்லப்படுகிறதே தவிர, காவியத்துக்குள் நிகழ்வதில்லை. (அவரும் எழுதவில்லை என்பது எனக்கு ஒரு சௌகரியமான ஆறுதல்.)

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் வீரன் ஒப்படைக்கவேண்டிய துப்பாக்கியை ஒப்படைக்கவில்லை. அச்சேறாத நான்கு பக்கங்கள் என்னிடம் உள்ளன. அவற்றில் அவன் வாரம் தவறாமல் அதற்கு எண்ணெயிடுகிறான். கை நடுங்கத் தொடங்கிய வயதில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஒருமுறை குறிபார்த்துவிட்டு, மீண்டும் பரணில் வைக்கிறான். அவற்றை நாவலில் சேர்க்க இருமுறை முயன்றேன். இருமுறையும் கதை அந்த முதல் எண்ணெயிடலிலேயே முடிந்துவிட்டிருந்தது.