பின் சக்கர ஆட்டம்: ஹப்பை மாற்றும் முன் கோனைப் பாருங்கள்

வணக்கம். சைக்கிளின் பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது, கடைக்காரர் ஹப்பையே (சக்கரத்தின் நடுவில் அச்சு செல்லும் பகுதி) மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கோன் (அச்சில் திருகி, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளைப் பிடித்துவைக்கும் கூம்பு வடிவ நட்) வைத்த ஹப் என்பதால் அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி, அச்சை விரல்களால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நெருடல் இல்லாமல் ஆட்டம் மட்டும் இருந்தால் கோன் தளர்ந்திருக்கும், சரிசெய்தாலே போதும். மணல் அரைபடுவதுபோல் நெருடினால் பிரிக்கத்தான் வேண்டும்.

செயின் இல்லாத பக்கத்து லாக் நட்டையும் (கோனை நகராமல் பூட்டும் நட்) கோனையும் எடுத்துவிட்டு, கீழே துணி விரித்து, அச்சை மறுபக்கமாக உருவுங்கள். குண்டுகள் சிதறும், கவனம். கோனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் நல்லது. அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்தால் கோனை மாற்றுங்கள். ஹப்புக்குள் குண்டுகள் உருளும் கிண்ணம் போன்ற கப்பிலும் அதே குழி இருந்தால் மட்டுமே கடைக்காரர் சொன்னது சரி.

பின் ஹப்பில் பெரும்பாலும் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 9. பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள், மொத்தமாக மாற்றுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, கிரீஸைத் தாராளமாக அப்புங்கள்.

கோனை மெல்லிய ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் லாக் நட்டை இறுக்க வேண்டும்; இல்லையென்றால் கோனும் கூடவே சுற்றி, குண்டுகளை நசுக்கிவிடும். என் புதுக் கோன் ஒன்று அப்படித்தான் பாழானது. மாட்டிய பிறகு ரிம்மை ஆட்டிப் பாருங்கள். இன்னும் ஆடினால் எழுதுங்கள்.