குங்ஃபூவில் ஒரே ஃபார்மைத் திரும்பத் திரும்பச் செய்வது எதற்கு?

கேள்வி: குங்ஃபூ வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. காற்றில் கை வீசும் ஃபார்ம், அதாவது வரிசையாகக் கோத்த அசைவுகள் மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள். சண்டைக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா, இல்லை வெறும் சம்பிரதாயமா?

தெருவில் ஒருவன் அடிக்க வந்தால் ஃபார்ம் உங்களைக் காப்பாற்றாது. அதற்காக அதை வீண் என்றும் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் ஏழு வருடம் விங் சுன் என்ற குங்ஃபூ பாணியைப் பழகினேன். பெரிய வீரன் எல்லாம் இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து வகுப்புக்குப் போன ஆள்தான். நன்றாகத் தெரிந்த ஃபார்ம் என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

விங் சுன்னின் முதல் ஃபார்முக்குப் பெயர் சியு நிம் தாவ். கான்டனீஸ் மொழியில் 'சின்ன எண்ணம்' என்று பொருள். இதில் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டோம். கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பியிருக்க, முட்டியை மடக்கி, ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே கடைசி வரை நிற்க வேண்டும். கைகளுக்கு மட்டும்தான் வேலை. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து முன்னே நீட்டினால் டான் சாவ். மணிக்கட்டை மடக்கி, எதிராளியின் கைமேல் படிவது போல வைத்தால் ஃபுக் சாவ். நெஞ்சுக்கு முன்னால் காவலாக நிற்கும் கை வூ சாவ். முதல் பகுதியில் இவையெல்லாம் ஆமை வேகத்தில் நடக்கும், அதிலும் ஃபுக் சாவ் மூன்று முறை வரும். (கான்டனீஸில் 'சாவ்' என்றால் கை. முதல் நாள் மாஸ்டர் வரிசையாக டான் சாவ், ஃபுக் சாவ் என்று சொல்லச் சொல்ல, என் காதில் யாரோ சாபம் விடுவது போல விழுந்தது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.) மூன்று மாதம் எனக்கு இது மட்டும்தான். கட்டிய பணத்துக்கு மனிதர் நம்மை ஏமாற்றுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் ஃபுக் சாவ் மெல்ல முன்னே போய்க்கொண்டிருந்தபோது மாஸ்டர் எதிரே வந்து நின்று, என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். பலமாக இல்லை. கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்போமே, அந்த அளவுதான். நான் பின்னால் சாய்ந்து குதிகாலில் தள்ளாடினேன். அவர் ஒன்றும் பேசாமல் என் முழங்கையைப் பிடித்து நெஞ்சின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தார், தூக்கியிருந்த தோளைத் தட்டி இறக்கினார், மறுபடி அழுத்தினார். இந்த முறை அந்த அழுத்தம் கை வழியாக இறங்கிக் காலுக்குப் போனது எனக்கே தெரிந்தது. உடம்பு ஆடவில்லை.

முழங்கை வெளியே விரிந்திருந்தால் வரும் விசை தோளில் மாட்டிக்கொண்டு ஆளையே திருப்பிவிடும். உள்ளே இருந்தால் முன்கை ஆப்பு மாதிரி நடுவில் நிற்கும், எதிராளியின் குத்து நேரே வர வழி இல்லாமல் ஓரமாக விலகிப் போகும். வாயால் சொன்னால் அரை நிமிடத்தில் புரிந்துவிடுகிற சங்கதி இது. ஆனால் முகத்துக்கு நேரே ஒரு கை வரும்போது முழங்கை தானாக வெளியே பறக்கும், தோள் காதுவரை ஏறும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் அத்தனை நிதானம். வேகமாகச் செய்தால் தப்பு கண்ணில் படாமல் ஓடிவிடும். காலை நகர்த்தாமல் வைத்திருப்பதும் அதற்காகத்தான், ஒரு நேரத்தில் ஒரு தொல்லை போதும். திரும்புவது, அடி வைப்பது, உதைப்பது எல்லாம் சம் கியு என்ற இரண்டாவது ஃபார்மில் வந்து சேரும். ஒன்றாம் வகுப்பில் இரட்டைக்கோடு நோட்டில் எழுதினோம் இல்லையா, அப்படித்தான் இதுவும். கையெழுத்து படிந்த பிறகு கடிதம் எழுத யாரும் இரட்டைக்கோடு நோட்டைத் தேடுவதில்லை.

ஆனால் இரட்டைக்கோடு நோட்டு உங்கள் கையைத் தட்டிவிடாது, எதிராளி தட்டிவிடுவான். அதற்குத்தான் சி சாவ். இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகள் ஒட்டியபடி சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒருவரது டான் சாவும் போங் சாவும் (முழங்கையை உயர்த்தி முன்கையைச் சரித்து வைப்பது) மற்றவரது ஃபுக் சாவின் அடியில் மாறி மாறி உருளும். எங்காவது இடைவெளி கிடைத்தால் அடி உள்ளே வரும். ஃபார்மில் மூன்று முறை வந்த அந்த ஃபுக் சாவ் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சி சாவில் அடி வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி ஃபார்ம் செய்தபோது அது வேறு ஃபார்ம் மாதிரி இருந்தது. சி சாவும் சண்டை ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு ஸ்பாரிங், அதாவது ஆளோடு நேரடியாக மோதிப் பழகுவது வேண்டும், அதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபார்முக்கு இன்னொரு வேலையும் உண்டு, ஞாபகம். இலக்கண நூற்பா எப்படியோ ஃபார்ம் அப்படி. மனப்பாடம் ஆகும்படி சுருக்கி வைத்திருப்பார்கள், உரை இல்லாமல் படித்தால் பாதி விளங்காது. சியு நிம் தாவின் இரண்டாம் பகுதியில் இரண்டு உள்ளங்கையையும் முதுகுப் பக்கம் அழுத்தும் ஓர் அசைவு வரும். பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பவனுக்கு அடி என்பார் ஒருவர், தோளைத் தளர்த்தும் பயிற்சி என்பார் இன்னொருவர். உரையாசிரியர்களுக்குள் சண்டை எந்த ஊரில்தான் இல்லை?

இப் மான் ஃபோஷானில் பிறந்து, 1950 முதல் ஹாங்காங்கில் விங் சுன் கற்பித்தவர். 1972இல், எழுபத்தொன்பது வயதில், நோயால் மெலிந்திருந்த நிலையில், இறப்பதற்குச் சற்று முன் 8 மில்லிமீட்டர் படச்சுருளில் தன்னைப் படம் பிடிக்க வைத்தார். அதில் அவர் செய்து காட்டியது சியு நிம் தாவ், சம் கியு, மரப்பொம்மைப் பயிற்சி ஆகியவை. அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். நடை தளர்ந்தவர்தான், ஆனால் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

ஃபார்மைச் சந்தேகிப்பதும் புதிதில்லை. 16ஆம் நூற்றாண்டில், சீனாவின் கிழக்குக் கடற்கரையில் கடற்கொள்ளையரோடு போரிட்ட மிங் பேரரசின் தளபதி சி ஜிகுவாங், தன் படைப்பயிற்சி நூலில் கைச்சண்டைக்கு 32 நிலைகளைப் படத்தோடு கொடுத்தார். கூடவே, பெரிய போருக்கு இது உதவுவதாகத் தெரியவில்லை, ஆனால் கைகாலைப் பழக்கப்படுத்தும், புதிதாகச் சேர்ந்தவனுக்கு இதுதான் வாசல் என்ற பொருளில் எழுதியும் வைத்தார். நாலு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

வாசலிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க 1954 ஜனவரியில் மக்காவ் நகரில் நடந்த போட்டி இருக்கிறது. வூ பாணி தாய்ச்சி ஆசான் வூ கோங்யியும் வெண்கொக்குப் பாணி சான் ஹாக்-ஃபூவும் மேடை ஏறினார்கள். ஹாங்காங் ஷெக் கிப் மெய் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்காக நடந்த நிதி நிகழ்ச்சி அது. இருவருமே பெயர்பெற்ற ஆசான்கள். மேடையிலோ கை வீச்சும் தடுமாற்றமுமாக, இரண்டு சாதாரண ஆட்கள் அடித்துக்கொள்வது போலத்தான் இருந்தது. கொக்கையும் காணோம், தாய்ச்சியையும் காணோம். இரண்டாம் சுற்றில் நிறுத்தி, வெற்றி யாருக்கும் இல்லை என்று முடித்தார்கள்.

இதைக் காட்டி, புரூஸ் லீயையும் துணைக்கு அழைத்து, ஃபார்மைத் தூக்கிப் போடு என்பவர்கள் உண்டு. அவர் ஃபார்ம்களைக் கடுமையாகச் சாடியவர்தான். ஆனால் அவர் 1959இல் ஹாங்காங்கை விட்டுக் கிளம்பியபோது விங் சுன்னை முழுதாக முடித்திருக்கவில்லை. அவருக்கே சொல்லிக் கொடுத்த, இப் மானின் மூத்த மாணவர் வோங் ஷுன் லியுங், அதே 1950களில் ஹாங்காங் மொட்டைமாடிகளில் மற்ற பாணிக்காரர்களோடு மோதிப் பெயர் எடுத்தவர். அவர் தன் மாணவர்களுக்குக் கடைசிவரை சியு நிம் தாவ் சொல்லிக் கொடுத்தார். மோதியும் பார்த்தார், ஃபார்மையும் விடவில்லை.

பூங்காக்களில் பார்க்கும் 24 அசைவுத் தாய்ச்சி தனிக் கதை. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் மக்கள் உடல்நலத்துக்காகச் சுருக்கி அமைத்தது அது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும், முட்டிக்கும் மூச்சுக்கும் நல்லது. சீனத் தற்காப்புக் கலையை விளையாட்டாக்கிய வூஷு போட்டிகளில் பறந்து சுழலும் தாவோலு என்ற ஃபார்ம் மதிப்பெண்ணுக்கானது. அதைச் சண்டைக்கு ஆகுமா என்று கேட்பது பரதநாட்டியக்காரரிடம் மாரத்தான் ஓடுவீர்களா என்று கேட்பதற்குச் சமம்.

சரி, உங்கள் ஆறு மாதத்துக்கு வருவோம். அடுத்த வகுப்பில் ஓர் அசைவைக் காட்டி, "மாஸ்டர், இந்தக் கையை நீங்கள் கொஞ்சம் தள்ளிப் பாருங்களேன்" என்று கேளுங்கள். அவர் சந்தோஷமாக வந்து தள்ளி, எங்கே உடைகிறது என்று காட்டினால் தாராளமாக இன்னும் ஆறு மாதம் இருங்கள். "அதெல்லாம் இப்போது வேண்டாம், உள்சக்தி தானாக வரும்" என்றால் வேறு வகுப்பு தேடலாம்.

நான் ஊருக்குத் திரும்பி நான்கு வருடம் ஆகிறது. இங்கே சி சாவ் செய்ய ஆள் இல்லை. காலையில் மொட்டைமாடியில் சியு நிம் தாவ் மட்டும் செய்கிறேன். சென்ற மாதம் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் வந்திருந்தார், பத்து நிமிடம் கை ஒட்டிப் பார்த்தோம். வலது முழங்கை மறுபடி வெளியே போக ஆரம்பித்திருக்கிறது என்றார். எனக்கு அது தெரியவே இல்லை.