நீர்த்ததையே மறுபடி மறுபடி நீர்த்தால் கடைசிச் செறிவை எப்படிக் கணக்கிடுவது?

0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) பெர்மாங்கனேட் கரைசலில் 10 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து மொத்தம் 100 ஆக்கியிருக்கிறீர்கள். அதில் 5 எடுத்து 50, அதில் 10 எடுத்து 250. கடைசிக் குடுவையில் செறிவு எவ்வளவு, நடுவில் மீந்த கரைசலைக் கழிக்க வேண்டுமா என்பதுதானே கேள்வி?

மீந்ததை மறந்துவிடுங்கள். அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பார் எடுத்ததால் மிச்சத்தில் உப்பு குறைவதில்லை, கரண்டியில் இருப்பதிலும் குறைவதில்லை. எடுத்த அளவும், அதை எவ்வளவாக ஆக்கினீர்கள் என்பதும் மட்டும் போதும். முதல் படியில் 10 மடங்கு, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 25. பெருக்கினால் 2500. 0.02-ஐ 2500-ஆல் வகுத்தால் 0.000008 மோலார். ஒவ்வொரு படிக்கும் தனியாகச் 'செறிவு × கன அளவு' சமன்பாடு போட்டாலும் இதே விடைதான் வரும், தாள்தான் வீணாகும். கடைசிக் குடுவையை அளந்து ஸ்டாக் கரைசலின், அதாவது நீர்க்காத மூலக் கரைசலின், செறிவைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அதே 2500-ஆல் பெருக்குங்கள்.

கணக்கு இவ்வளவுதான். சறுக்குவது வேறு இடத்தில். '100 ஆக்கு' என்பதும் '100 சேர்' என்பதும் ஒன்றல்ல. எம்.எஸ்சி. முதலாண்டில் நான் 10 மி.லி. எடுத்து, அதோடு 100 மி.லி. தண்ணீரை அளவு உருளையில் அளந்து ஊற்றினேன். மொத்தம் 110 ஆகிவிட்டது, அதாவது 10 மடங்கு இல்லை, 11 மடங்கு. ஒரு படி என்றால் 9 சதவீதப் பிழையோடு போயிருக்கும். என் சோதனையில் மூன்று படியும் 10 மடங்கு, மூன்றையும் அப்படியே செய்தேன்: 1000-க்குப் பதில் 1331. செறிவு கால் பங்கு குறைந்து, கலரிமீட்டர் (நிறத்தின் அடர்வை அளக்கும் கருவி) அளவீடு பக்கத்து மேசைக்காரருடையதோடு ஒட்டவே இல்லை. ஒரு மதியம் முழுக்கக் கருவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்! ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் கழுத்துக் கோடு வரை நிரப்பினால் இந்த வம்பே இல்லை.

அப்புறம், ஒவ்வொரு படியிலும் மூடியைப் பிடித்துக்கொண்டு குடுவையைப் பத்துப் பதினைந்து தடவையாவது தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். பெர்மாங்கனேட்டில் கலக்காதது கண்ணுக்கே தெரியும்: வயிற்றில் ஊதா, கழுத்தில் வெறும் தண்ணீர். நிறமில்லாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்தத் தயவைக் காட்டாது. அங்கே எண்ணித்தான் கவிழ்க்க வேண்டும்.