பழைய கிட் காரின் ஃபைபர்கிளாஸ் பாடியை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? பட்டி பூசினால் போதுமா?

கேட்டவர், பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார் ஒன்றை, வேலை பாதியில் நின்றுபோன நிலையில் வாங்கியிருக்கிறார். பானெட்டிலும் கதவோரங்களிலும் வெடிப்புகள், பின் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அவற்றைச் சரிசெய்வதோடு, அகலமான டயர் போட வசதியாக மட்கார்டையும் வெளியே இழுத்துக் கட்ட வேண்டும் என்கிறார்.

வீட்டிலேயே செய்யலாம். நான் செய்திருக்கிறேன், அதுவும் முதல் தடவை தப்பும் தவறுமாக. பட்டி மட்டும் போதாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து வெடிப்புகளை எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மட்கார்டுக்கு அடியில் மல்லாந்து படுங்கள். வெளியே தெரியும் பளபளப்பு ஜெல்கோட் என்கிற மெல்லிய தோல். அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பலம் முழுவதும் அதற்குப் பின்னால் ரெசின் என்கிற பிசினில் ஊறிக் கெட்டியான கண்ணாடி இழையில் இருக்கிறது. ஆகவே வெடிப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, தோல் மட்டும் கீறியிருக்கிறதா, இழையும் உடைந்திருக்கிறதா என்பதுதான். உள்பக்கம் அந்த இடத்தில் வெள்ளை பூத்திருந்தால், அல்லது கட்டை விரலால் அழுத்தும்போது வெடிப்பின் இரு கரைகளும் தனித்தனியாக அசைந்தால், இழை போய்விட்டது என்று பொருள்.

வெடிப்பின் வடிவமும் பேசும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பினால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது; பெரும்பாலும் உள்ளேயிருந்து. போல்ட்டைச் சுற்றி வளையமாக இருந்தால் யாரோ முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். கதவு மூலையிலிருந்து நீளமாக ஓடினால், பாடி சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் சரியாக உட்காரவில்லை, வண்டி ஓடும்போது அந்த மூலை முறுக்கு வாங்குகிறது.

நான் செய்த முதல் ரிப்பேர், பானெட் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாண் வெடிப்பு. பட்டியை வழித்துப் பூசி, கண்ணாடி போலத் தேய்த்து, பெயின்டும் அடித்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இரண்டு மாதத்தில் அதே கோடு, அதே வளைவுகளோடு, கையெழுத்துப் போட்டதுபோலத் திரும்பி வந்தது. உள்ளே பார்த்தால் கொக்கியின் போல்ட்டுக்கு அடியில் காலணா அளவில் ஒரு சின்ன வாஷர். ஒவ்வொரு தடவை பானெட்டை அறைந்து மூடும்போதும் அடி முழுவதையும் அந்த வாஷரின் விளிம்பு வாங்கி ஃபைபரில் இறக்கிக்கொண்டிருந்தது. அன்று நான் செய்ய வேண்டியிருந்தது, பின்னால் ஒரு பிளைவுட் துண்டை இழையோடு சேர்த்துப் பதித்து, பெரிய வாஷர் போடுவது. வெடிப்பின் காரணத்தைத் தொடாமல் வெடிப்பை மூடினால் இதுதான் நடக்கும்.

சரி, இழை உடைந்த இடத்தை எப்படிக் கட்டுவது? முதலில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுத்த பாடியில் மெழுகு ஒட்டியிருக்கும். பழைய பாடியில் சிலிக்கான் பாலிஷ் ஊறியிருக்கும். கழுவாமல் உப்புத்தாளைப் போட்டால் அந்த மெழுகைக் கீறலுக்குள் நீங்களே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். பிறகு பெயின்ட் அடிக்கும்போது மீன் கண் மாதிரி குழிகள் விழும். கிரீஸ் நீக்கும் திரவத்தில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். பழைய பெயின்டை எடுக்க, இரும்புக்குப் பயன்படுத்தும் பெயின்ட் ரிமூவரை ஊற்றாதீர்கள். அது ஜெல்கோட்டையும் சேர்த்துத் தின்னும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து சரிவு. ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விட்டுவிட்டு அதன் மேல் ஒட்டுப் போட்டால், அது சட்டையில் வைத்த ஒட்டு மாதிரிதான், விளிம்பிலேயே பிரியும். தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது படகு கட்டுபவர்களின் கணக்கு. பாடி 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஓட்டையைச் சுற்றி கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். உள்ளங்கை அகல ஓட்டை, தேய்த்து முடிக்கும்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடும். பயப்படாதீர்கள். இதை உள்பக்கத்திலிருந்து செய்வதால் வெளியே தோல் அதிகம் சேதப்படாது. 40 அல்லது 60 எண் உப்புத்தாள் போதும். பழைய ரெசினோடு புது ரெசின் வேதியியலாக இணையாது, கீறலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கட்டும்.

தேய்க்கும்போது வரும் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. துணியை மூக்கில் கட்டிக்கொள்வதெல்லாம் வேலைக்கு ஆகாது; தூசிக்கான முறையான முகக்கவசம் வேண்டும். ரெசின் வேலைக்கு அதுவும் போதாது, ஸ்டைரீன் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை. தோலில் தூள் பட்டு அரித்தால் வெந்நீரில் குளிக்க ஓடாதீர்கள். முதலில் குளிர்ந்த நீர்.

இனி ரெசின். பாலியெஸ்டரா, எப்பாக்ஸியா என்று கேட்பீர்கள். பெரும்பாலான கிட் கார் பாடிகள் பாலியெஸ்டர். அதன் மேல் எப்பாக்ஸி நன்றாகவே ஒட்டும், பாலியெஸ்டரைவிடக் கெட்டியாகவே ஒட்டும். ஆனால் எப்பாக்ஸி போட்ட இடத்தின் மேல் மறுபடி பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ போட்டால் சரியாகப் பிடிக்காது. இன்னொன்று: சாதாரண மேட்டை, அதாவது நறுக்கிய இழைகளைப் பாய் போலப் பரப்பிய விரிப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் அந்த மேட் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு நெய்த இழைத் துணி வேண்டும். நான் மட்கார்டு, பானெட் போன்ற பெரிய இடங்களுக்கு பாலியெஸ்டரும் மேட்டும், கீல் பதியும் இடங்களுக்கு எப்பாக்ஸியும் துணியும் வைத்துக்கொள்கிறேன்.

பாலியெஸ்டரைக் கெட்டியாக்கும் ஹார்டனர், எடைக்கு 1 முதல் 2 சதவீதம். 100 கிராம் ரெசினுக்கு 1, 2 கிராம்தான், ஆகவே கண்ணளவு கூடாது. அந்தத் திரவம் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும்; கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். கெட்டியாவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவம் ஏற்கெனவே கலந்த ரெசினையே வாங்குங்கள். தனியாக இருக்கும் கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மொத்தமாகக் கலக்கும் ஆசையும் வேண்டாம். நான் ஒருமுறை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு டப்பா நிறையக் கலந்தேன். கால்வாசி பூசுவதற்குள் டப்பா கையைச் சுட்டது. கீழே வைத்தேன், ரெசின் மஞ்சளாகி, விரிசல் விட்டு, புகைய ஆரம்பித்தது. ரெசின் கெட்டியாகும்போது சூடு கிளம்பும், குறுகிய டப்பாவில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் கிடையாது. அகலமான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. குளிர்ந்த நாளில் வேலையைத் தள்ளிப் போடுங்கள்; 15 டிகிரிக்குக் கீழே ரெசின் கெட்டியாகத் தயங்கும்.

ஒரு வளையும் தகட்டில் பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டி, டேப் ஓட்டையைப் பார்த்திருக்கும்படி வெளிப்பக்கம் வைத்து இறுக்கிக் கட்டுங்கள். பாலியெஸ்டர் அந்த டேப்பில் ஒட்டாது, பாடியின் வளைவும் கிடைத்துவிடும். மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழிப்பது நல்லது. பிசிறிய ஓரம் பழைய பரப்போடு மேடு தெரியாமல் கலந்துவிடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஏறும். மூன்று நான்கு துண்டுகள், சரிவின் முழு அகலத்துக்கு இருப்பதை முதலில், பிறகு சின்னது. (சின்னதிலிருந்து தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். பெரிய துண்டு தேய்த்த பரப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும் என்பது என் கட்சி.) பிரஷ்ஷை இழுத்துப் பூசினால் இழை சுருண்டு பிரஷ்ஷோடு வரும், ஆகவே குத்திக் குத்தி ஊற வையுங்கள். வெள்ளையாக இருந்த மேட் ஊறியதும் கண்ணாடி மாதிரி தெளியும். எங்கே வெள்ளை நிற்கிறதோ அங்கே காற்று நிற்கிறது; பள்ளம் வெட்டிய இரும்பு ரோலரை உருட்டி வெளியேற்றுங்கள். மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். குளம் கட்டினால் பலம் கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும்.

முழுவதும் கெட்டியாவதற்கு முன் ஒரு சின்ன இடைவேளை வரும். தொட்டால் தோல் மாதிரி இருக்கும், கையில் ஒட்டாது. அப்போது நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களைக் கத்தியால் சீவினால் வெண்ணெய் போல வரும். தவறவிட்டால் கிரைண்டரும் தூளும்தான்.

மட்கார்டை அகலப்படுத்தும் பகுதியை நான் ரசித்துச் செய்தேன். 1964-இல் மேயர்ஸ் மேங்ஸ் என்கிற மணல்மேட்டு வண்டியை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸ் படகு கட்டிய அனுபவம் உள்ளவர். அந்த வண்டியின் உருண்டை மட்கார்டுகளைப் பார்த்தால் ஃபைபருக்கு எது பிடிக்கும் என்பது புரியும். கூர்மையான மூலையில் மேட் மடங்காது, உள்ளே காற்று நின்று, பின்னாளில் பெயர்ந்து விழும். வளைவுகளைத் தாராளமாக விடுங்கள்.

புது டயரை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, டயர் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மட்கார்டின் மேல் நுரைக் கட்டையை ஒட்டி, அரத்தால் செதுக்கி, உருவம் வந்ததும் மேலே மேட்டும் ரெசினும். நுரை என்றால் பாலியூரித்தேன் நுரை. தெர்மோகோல் வேண்டாம். நான் ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தெர்மோகோலில் அழகாக ஒரு மட்கார்டு செதுக்கி, பெருமையோடு பாலியெஸ்டரைப் பூசினேன். சர்க்கரையில் வெந்நீர் ஊற்றியது போல என் கண் முன்னே உள்வாங்கிப் படுத்துவிட்டது. ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைக்கும், எப்பாக்ஸி கரைக்காது. மறுபக்கத்து மட்கார்டுக்கு அட்டையில் வார்ப்புரு வெட்டித் திருப்பி வைத்து ஒப்பிடுங்கள். இரண்டையும் கண்ணால் ஒரே மாதிரி செதுக்கிவிடலாம் என்று நம்பினேன், ஒரு விரல் கனம் வித்தியாசம் வந்தது.

கதவு இடைவெளியைச் சரிசெய்வதற்கு முன் பாடியைச் சேசிஸில் உட்கார வைத்து, எல்லா போல்ட்டும் முறுக்கி, கதவையும் மாட்டியிருக்க வேண்டும். தரையில் கிடக்கும் பாடி ஒரு வடிவம், சேசிஸில் ஏறிய பாடி வேறு வடிவம். கதவோரத்தில் பேக்கிங் டேப் ஒட்டி மெழுகு தடவி, பாடிப் பக்கம் இழை கலந்த பட்டியை நிரப்பிக் கதவை மூடுங்கள். கெட்டியானதும் திறந்தால் கதவின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். அதிலிருந்து தேவையான இடைவெளியைத் தேய்த்து எடுப்பது எளிது.

பெயின்டுக்கு அவசரப்படாதீர்கள். புதிதாகப் போட்ட ரெசின் பல நாள் வரை சுருங்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் பெயின்ட் அடித்தால், முதல் கடும் வெயிலில் மேட்டின் இழை வரிகள் மேலே தெரிய ஆரம்பிக்கும். வண்டியை வெயிலில் நிறுத்தி அந்த வரிகள் எழும்ப வேண்டியதை எழும்ப விட்டு, பிறகு நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். கறுப்பு, அடர்நீலம் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அவை சூட்டை அதிகம் வாங்கும், மேடு பள்ளத்தையும் காட்டிக் கொடுக்கும். 1953-இல் வந்த முதல் கார்வெட் 300 கார்களும் ஃபைபர் பாடிதான், எல்லாமே வெள்ளை. காரணம் எதுவோ, அந்த நிறத்தில் எனக்குப் புகார் இல்லை.

கடைசியாக, எல்லாம் முடித்து விளக்குகளை மாட்டிய அன்று பின் விளக்கு எரியவே இல்லை. பல்பை மாற்றினேன், பியூஸை மாற்றினேன், சுவிட்சைக் கழற்றினேன். அரை நாள் போனது. இரும்புப் பாடியில் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, தானாகக் கிடைத்துவிடும்; ஃபைபரில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேசிஸுக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுங்கள், அதையும் பெயின்டுக்கு முன்பே.