நூற்றிருபது பண்டமும் ஒரு மீன்குழம்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஓட்டல் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நாகர்கோவிலில் நாற்பது பேர் உட்காரும் ஓட்டல் ஒன்று தொடங்கப் போகிறோம். கொச்சியில், கோழிக்கோட்டில், திருவனந்தபுரத்தில் செஃப் பெயரைக் கேட்டே ஜனம் வருகிறது. நம்ம ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் ஷவர்மா, மந்தி, சில்லி சிக்கன்தான். வீட்டில் சாப்பிடுகிற, தேங்காய் வறுத்தரைத்த தீயலும் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் காசு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. கொச்சியிலிருந்து நல்ல செஃப் ஒருவரை அழைத்து வந்தால் ஊர்ச் சாப்பாடே மாறும் என்று நம்புகிறேன். எங்கள் உத்தேசப் பட்டியலை இணைத்திருக்கிறேன், 120 பண்டங்கள். உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.

– ஒரு வாசகர், தக்கலை

பின்குறிப்பு: மாஸ்டர் போய்விட்டால் கடை படுத்துவிடும் என்று நண்பர் ஒருவர் பயப்படுகிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியலைப் பார்த்தேன். அதில் 18 பண்டத்தை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள். நாற்பது பேர் உட்காரும் கடையில் 120 பண்டம் என்றால் பாதி சரக்கு ஃப்ரீசரில் கிடக்கும். அது வெளியே வரும்போது எந்த செஃப் சமைத்தாலும் ஒரே ருசிதான்.

நீங்கள் சொல்கிற ஊர்களையே எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் 1949 முதல் நடக்கிற ரஹ்மானியா ஓட்டலை ஜனம் கேத்தல் என்றுதான் சொல்லும். அங்கே போகிறவர்கள் போவது பொரித்த சின்னக் கோழிக்கும் சப்பாத்திக்கும். கோழிக்கோட்டில் 1939-இல் தொடங்கிய பாரகன், 2023-இல் டேஸ்ட் அட்லஸ் என்ற உணவு இணையதளம் வெளியிட்ட உலகப் புகழ்பெற்ற உணவகங்களின் பட்டியலில் 11-ஆம் இடத்துக்கு வந்தது. வந்தது பிரியாணியின் பெயரில். தமிழ்நாட்டுக்குள்ளேயே, செங்கோட்டையை ஒட்டிய பிரானூர். 1956-க்கு முன்னால் திருவிதாங்கூர் எல்லை அங்கேதான் இருந்தது. எல்லை போய்விட்டது, பார்டர் கடை என்ற பெயர் நின்றுவிட்டது. குற்றாலத்துச் சீசனுக்கு வருகிறவர்கள் அருவிக்கு அடுத்தபடியாக அந்தப் பரோட்டாவையும் கோழியையும்தான் கேட்கிறார்கள். இந்த மூன்று இடத்திலும் ஊரின் சாப்பாட்டை மாற்றியது, ஒரு பண்டத்தை வருடக்கணக்காக ஒரே தரத்தில் கொடுத்த முதலாளிகள்.

செஃப்களின் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. கொல்லத்துக்காரரான சுரேஷ் பிள்ளை பொரித்த மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிற ஒரே பண்டத்தால் நாடு முழுக்கத் தெரிந்தவரானார். சென்னையில் கப்பா சக்கா காந்தாரியைத் தொடங்கிய ரெஜி மாத்யு, கேரளத்து வீடுகளிலும் கள்ளுக்கடைகளிலும் சாப்பிட்டுப் பார்த்துத்தான் பட்டியல் போட்டார். கடையின் பெயரே கிழங்கும் பலாவும் மிளகாயும். இவர்கள் செய்த வேலை, வீட்டில் ஆறு பேருக்கு வருகிற ருசியை நூறு பேருக்கு வரவைத்தது. உங்களுக்கும் அந்த வேலைதான் காத்திருக்கிறது. அதற்குக் கொச்சிக்கு ஆள் தேடிப் போகவேண்டாம். நம்ம மீன்குழம்பின் கைப்பக்குவம் முட்டத்திலும் குளச்சலிலும் கரைவீட்டுப் பெண்களிடம் இருக்கிறது. தீயல், அவியல், தயிரில் செய்கிற புளிசேரி இவற்றின் பக்குவம் கல்யாணச் சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில் நிற்கிற தவசிப்பிள்ளைகளிடம், அதாவது சமையல்காரர்களிடம் இருக்கிறது. காலை எட்டு முதல் மூன்று மணி வரை ஒரே ஷிப்ட், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, வீட்டுக்குத் திரும்ப பஸ் கிடைக்கிற நேரம் – இந்த மூன்றும் உறுதியானால் இரண்டு பெண்கள் வேலைக்கு வருவார்கள். ராத்திரி பத்து மணி வரை நில்லுங்கள் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். அதனால்தான் வீட்டுச் சமையல் கடைக்கு வராமலே கிடக்கிறது. மத்தியானக் கடையாகத் தொடங்குங்கள்.

இனி மீன்குழம்பு. கடை நிற்பதும் விழுவதும் இதில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு அளவு எல்லோருக்கும் தெரியும். சுத்தம் செய்த மீன் ஒரு கிலோவுக்குப் பெரிய தேங்காய் ஒன்று, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) எட்டுப் பத்து, மிளகாய்ப்பொடி 2 மேசைக்கரண்டி, மல்லிப்பொடி 3, மஞ்சள்பொடி அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை அளவு புளி. கிடைப்பது சுமார் ஒன்றேகால் லிட்டர் குழம்பு. நூறு சாப்பாட்டுக்கு, இரண்டாம் தடவை ஊற்றுவதையும் சேர்த்து 20 லிட்டர் வேண்டும், அதாவது 16 தேங்காய். இங்கேதான் முதல் தப்பு நடக்கும். பதினாறு தேங்காயையும் மிக்ஸியில் அரைப்பார்கள். ஜார் சூடாகித் தேங்காய் எண்ணெய் கக்கிவிடும், கொதித்ததும் குழம்பு திரிந்த மாதிரி பிரிந்து நிற்கும். கிரைண்டரில் போட்டு, ஐஸ்தண்ணீர் தெளித்துத் தெளித்து 20, 25 நிமிடம் ஆட்டவேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் வெண்ணெய்போல் இருக்கணும், திப்பி தட்டக்கூடாது.

இரண்டாவது தப்பு, 20 லிட்டரையும் ஒரே அண்டாவில் வைத்து மீனையும் காலையிலேயே போட்டுவிடுவது. மீன் வேக 6 முதல் 8 நிமிடம் போதும். அதற்குமேல் சூட்டில் கிடந்தால் சாளை உதிர்ந்து முள்ளாக மிதக்கும், பாறைமீன் ரப்பராகும். மசாலாவை மட்டும் கொதிக்கவைத்துப் பச்சை வாசம் போனதும் நிறுத்துங்கள். முருங்கைக்காய் சேர்ப்பதானால் புளிக்கு முன்னாலே பாதி வெந்திருக்கணும், புளி விழுந்தபிறகு அது வேகாது. பந்தி தொடங்கியதும் ஐந்து லிட்டர் மண்சட்டிகளில் பிரித்து ஊற்றி, அரைமணிக்கு ஒருதடவை பதினைந்து துண்டு வீதம் போடுங்கள். கரண்டி போடக்கூடாது, சட்டியைப் பிடித்துச் சுற்றவேண்டும். புதுச்சட்டியில் இரண்டு மூன்று நாள் கஞ்சித்தண்ணீர் கொதிக்கவைத்துப் பழக்காமல் பெரிய பர்னரில் ஏற்றினால் முதல் நாளே விரிசல் விடும். அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளி அதைத் தின்னும்.

குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்கணும். நூற்றைம்பது ரூபாய்த் தெர்மாமீட்டர் ஒன்று சமையலறையில் தொங்கட்டும். தேங்காய் அரைத்த குழம்பு இளஞ்சூட்டில் மூன்று நாலு மணி நேரம் நின்றால் நுரைக்கத் தொடங்கும். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பார்கள். உண்மைதான். ஆனால் கடையில் அதைச் செய்வதானால், மீனில்லாத குழம்பை இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 60 டிகிரியிலிருந்து 21-க்கு இறக்கி, அப்புறம் 5 டிகிரிக்குக் கொண்டுபோகவேண்டும். அண்டாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி விடியவிடிய வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மீன் வாங்குவதில் இன்னொரு கவனம். அயிலை (கானாங்கெளுத்தி), சூரை, சாளை (மத்தி) மூன்றும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். அது கொதித்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி வரும், மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே கரையிலேயே மீனின் எடைக்கு எடை ஐஸ், பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. உருகிய தண்ணீரில் மிதக்கிற மீனை வாங்காதீர்கள். 2018-இல் கேரளத்தில் கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் பிடிபட்ட சமயத்தில், கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்க உருவாக்கிய சோதனைத் தாள் பேசப்பட்டது. வெளியூர் மீன் வாங்க நேரும் நாளில் அப்படி ஒன்று கையிலிருப்பது நல்லது.

வெளியூர் மீன் எப்போது வாங்க நேரும்? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. அந்த நாட்களில் நெய்மீன் (வஞ்சிரம்) என்று அட்டையில் அச்சடித்து வைத்திருந்தால் எங்கிருந்தோ வந்த பழைய மீனைத்தான் போடவேண்டிவரும். நாட்டுப்படகில் போகிற வள்ளக்காரர் கொண்டுவருகிற சாளையோ நெத்திலியோ எது வந்ததோ அதை எழுதுங்கள். மீன் பெயருக்கு அச்சடித்த அட்டையே வேண்டாம், கரும்பலகை போதும்.

கணக்கு தெரிந்தவர் நீங்கள். இருந்தும் மீனில் எல்லோரும் வழுக்குகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன். பாறைமீன் கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை, குடல், செதில் போக நிற்பது சுமார் 650 கிராம். அப்படியானால் உங்கள் மீன் கிலோ 600 அல்ல, 923. எண்பது கிராம் துண்டு 74 ரூபாய், எண்ணெயும் மசாலாவும் 10. சரக்குச் செலவு விற்பனை விலையில் 38 சதவீதம் என்று வைத்தால் தட்டு 220-க்கு விற்கணும். தலையையும் கணக்கில் சேர்த்துத் துண்டை 48 ரூபாய் என்று போட்டு 150-க்கு விற்கிற கடைதான் ஆறாவது மாதம் துண்டை 50 கிராமாக்கும். தலைகளைத் தனியாகத் தலைக்கறி வைத்து விற்கலாம், அது மேல்வரவு. 220 ரூபாய் கொடுக்க ஆளில்லாத நாளுக்காகத்தான் சாளை இருக்கிறது.

சோறு சம்பா அரிசியாக இருக்கட்டும். ஆளுக்கு 140 கிராம் அரிசி, நூறு பேருக்கு 14 கிலோ. அது வேக ஒரு மணி நேரம் எடுக்கும் என்பதால் பதினொன்றுக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று என இரண்டு வடிப்பு. ஒரே வடிப்பில் செய்தால் இரண்டு மணிக்கு வருகிறவருக்குக் கட்டிச் சோறுதான்.

மரச்சீனியை மூடாமல் வேகவையுங்கள், முதல் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். கிழங்கின் கசப்பு நஞ்சு அதில்தான் இறங்குகிறது. உப்பு கடைசியில். தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு விழும், ஆகவே மூட்டையாக வாங்கிப் போடக்கூடாது.

அவியலுக்கு ஒரு வார்த்தை. ஒரு கிலோ காய்க்கு ஒரு தேங்காய், பச்சைமிளகாய் ஐந்தாறு, சீரகம் ஒரு தேக்கரண்டி. தேங்காயை நைசாக அரைக்கக்கூடாது, கரகரப்பாக ஒதுக்கித்தான் எடுக்கணும். 20 கிலோவை ஒரே உருளியில் கிளறினால் அடுப்பை அணைத்தபிறகும் அடியிலிருக்கிற சூட்டில் சேனை குழைந்து, முருங்கைக்காய் நாராகும். ஐந்து ஐந்து கிலோவாகச் செய்யுங்கள். 2025-இல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது பல கடைகள் ஓசையில்லாமல் பாமாயிலுக்கு மாறின. பொரிப்பதற்கு வேறு எண்ணெய் வையுங்கள், அதைப் பலகையிலேயே எழுதுங்கள். ஆனால் அவியலிலும், தேங்காய் போட்ட பொரியலான துவரனிலும் கடைசியாக ஊற்றுகிற எண்ணெயில் கைவைக்காதீர்கள், அந்த மணத்துக்காகத்தான் ஆள் வருகிறது.

உங்கள் கடையில் ஷவர்மா வேண்டாம். காரணம் சுருக்கமாக. சுருளின் உட்பகுதி வெந்ததா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. அதோடு தருகிற பச்சைமுட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை செய்தது. வைத்திருக்கிறவர்கள் வைத்திருக்கட்டும். மீன் சுத்தம் செய்கிற அதே சமையலறையில் அதற்கு இடமில்லை.

மாஸ்டர் போய்விட்டால் கடை படுத்துவிடும் என்று உங்கள் நண்பர் பயப்படுவதாகப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். மசாலாக்கூட்டை முதலாளிகளில் ஒருவர் தினமும் தராசில் நிறுத்துக் கொடுங்கள். ஊற்றுகிற அகப்பைகளுக்கு அளவு நிர்ணயம் செய்யுங்கள்: குழம்புக்கு 120 மில்லி, புளிசேரிக்கு 80. இதற்குமேல் பயத்துக்கு மருந்து, சமைக்கிறவருக்கு விற்பனையில் பங்கு. மாசவிற்பனையில் இரண்டு சதவீதம் என்று எழுத்தில் கொடுங்கள், அவர் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். கைப்பக்குவம் அவருடையது, அதைச் சொல்வதில் கஞ்சத்தனம் கூடாது.

எப்போது திறப்பது? ஆகஸ்ட் முதல் வாரம். மேற்குக்கரையில் தடை முடிந்து கணவாயும் கிளிமீனும் கொட்டும், விலையும் இறங்கும். ஆனால் ஓணம் நெருங்க நெருங்க வடசேரிச் சந்தையில் சேனையும் ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) கேரளத்துக்கு ஏறிவிடும். அவியலையும் எரிசேரியையும் ஓணம் கழிந்தபிறகு பலகையில் ஏற்றுங்கள். அதுவரை சோறு, மீன்குழம்பு, மரச்சீனி, ஒரு துவரன், ரசம், பப்படம் போதும்.

அன்புடன்
அண்ணாச்சி