குடியை நிறுத்திய மூன்றாம் நாள் நடுக்கமும் மாயத்தோற்றமும்: மேலூர் நண்பருக்குப் பதில்

வணக்கம். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்த உங்கள் அப்பா, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அடியோடு நிறுத்திய மூன்றாம் நாளான இன்று கை நடுங்கி, எறும்பு ஊர்வதாகச் சொல்லிப் போர்வையை உதறிக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெரியம்மா சொல்வதுபோல் இதைக் காத்துக் கருப்பு என்று விட்டுவிடாதீர்கள். விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.

மது மூளையை நாள்பட அடக்கிவைப்பதால், அதற்கு ஈடுகொடுக்க, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருளின் வேலை கூடி, அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலை குறைந்துவிடுகிறது. மது திடீரென நின்றதும் அந்தத் தூண்டல் மட்டும் கட்டுப்பாடின்றி எஞ்சுவதால் நடுக்கம், வலிப்பு, மாயத்தோற்றம் ஆகியவை வருகின்றன. மாயத்தோற்றத்தோடு வரும் இந்த மனக்குழப்பநிலை பெரும்பாலும் குடியை நிறுத்திய 2 முதல் 4 நாட்களுக்குள் தொடங்கும். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்து.

நடையில் தள்ளாட்டமும் பார்வை இரட்டையாகத் தெரிவதும் இருப்பதாகச் சொல்வதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது, ஏனெனில் அவை தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால், காலையில் சாப்பிட்டது நினைவில்லாமல், சாப்பிடாத பணியாரத்தைச் சாப்பிட்டதாக நம்பிச் சொல்லும் நிரந்தர மறதியில் போய் முடியலாம். ஆகவே, உள்ளூர் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடாமல், தயமின் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை, வாயில் எதையும் வைக்கக்கூடாது.